தொல்காப்பியப் பூங்கா: இடிபாட்டு மேடு காடான கதை

சென்ற மாதம் நம் குடியிருப்பின் காலை நடைக் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர், நான்கு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஏ பிளாக்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "நாற்பது வருஷமா இந்தப் பக்கம் இருக்கேன். அங்க காடு இருந்ததா ஞாபகமே இல்லையே. குப்பைமேடுதானே இருந்தது?"

கேட்டவர் ஞாபகம் சரியானதுதான். அங்கே குப்பைமேடு இருந்தது உண்மை. இன்று காடு இருப்பதும் உண்மை. குப்பைமேட்டுக்கு முன்பு என்ன இருந்தது என்பதுதான் நம்மில் பலருக்கும் தெரியாத கதை. குழுவில் இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்க முடியவில்லை. அதனால் நம் காலாண்டு இதழில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆறும் கழியும்

அடையாறு மிக நீண்ட ஆறு ஒன்றும் அல்ல. மொத்தம் 42 கிலோமீட்டர்தான். நகரத்துக்கு மேற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரையும், செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் திறந்துவிடும் நீரையும் வாங்கிக்கொண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வந்து, வடகரையில் சீனிவாசபுரத்துக்கும் தென்கரையில் ஊரூர்க் குப்பத்துக்கும் நடுவே கடலில் சேர்கிறது.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் ஆறு அகன்று, வேகம் குறைந்து, ஏறக்குறைய ஓர் ஏரி போல ஆகிவிடும். இதுதான் கழிமுகம். அங்கிருந்து ஒரு கிளை வடக்கே பிரிந்து, குயிபிள் தீவைச் சுற்றி வளைகிறது. அதைத்தான் அடையாற்றுக் கழி என்கிறோம். கடல் ஏறும்போது உப்புநீர் உள்ளே வரும். இறங்கும்போது திரும்பிப் போகும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும். மற்ற மாதங்களில் ஆற்றில் வேகம் இராது. கடலோர நீரோட்டமும் அலைகளும் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். திறப்பதும் அடைப்பதுமான இந்தப் போக்கில்தான் அந்த இடத்தின் உயிர்கள் எல்லாம் அமைந்திருக்கின்றன. நண்டும் இறாலும் அலையாத்தியும் அங்கே இருப்பது, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம் என்பதால்தான்.

'தீவு' என்று பெயர் இருந்தும், இன்று குயிபிள் தீவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தீவு எதுவும் கண்ணில் படாது. சாலைகள் கழியைக் குறுக்கே வெட்டிவிட்டன. பெயர் மட்டும் மிச்சம்.

ஆற்றங்கரையில் ஒரு போர்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் என்று படித்திருப்போம். அவற்றில் முக்கியமான ஒரு மோதல் நடந்தது நாம் தினமும் ஆட்டோவில் கடக்கும் இந்த ஆற்றங்கரையில்தான்.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதை ஆற்காட்டு நவாப் அன்வருதீனிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்த புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, சொன்னபடி செய்யவில்லை. நவாப் தன் மகன் மாபூஸ்கான் தலைமையில் சுமார் 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படைக்குப் பரதி என்ற அதிகாரி தலைவர். அவரிடம் இருந்தது சில நூறு பிரெஞ்சு வீரர்களும் சுமார் 700 இந்தியச் சிப்பாய்களும் மட்டுமே. நவாபின் படை ஆற்றின் வடகரையில், சாந்தோமுக்குத் தெற்கே, வழிமறித்து நின்றது.

அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி அக்டோபர் 24. ஆற்றில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறங்கி, பரதியின் ஆட்கள் கரையேறி, வரிசையாகச் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். பெரிய படை நிலைகுலைந்து சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. பயிற்சி பெற்ற சிறு படை எண்ணிக்கையில் பெரிய படையை வெல்லலாம் என்பதை இங்கிருந்த ஐரோப்பியர்கள் கண்கூடாகக் கண்ட நாள் அது. அதே போல இந்தியச் சிப்பாய்களைப் பழக்கிப் படை திரட்ட ஆங்கிலேயர் பிறகு முனைந்ததும், அதனால் நாட்டின் கதை எப்படி மாறியது என்பதும் நமக்குத் தெரியும். அந்த நாட்களின் புதுச்சேரிச் செய்திகளை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் விரிவாகப் படிக்கலாம்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிக்கு ஆற்றங்கரையில் நம் கண்ணில் படுகிற மாதிரி ஓர் அடையாளமும் இல்லை.

தோட்ட வீடுகளின் காலம்

சண்டைகள் ஓய்ந்ததும் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் வெளியே வந்து பெரிய தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். ஆற்றுக்காற்று வாங்க அடையாற்றங்கரை அவர்களுக்குப் பிடித்துப்போனது. கிரீன்வேஸ் சாலையில் இன்று இசைக்கல்லூரி இருக்கும் கட்டடம், 1790களின் இறுதியில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி அதிகாரி கட்டிய மாளிகை. அவர் அதே ஆற்றில் படகில் போகும்போது மூழ்கி இறந்தார் என்பது சோகமான பின்குறிப்பு. மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. 1877-78 பஞ்ச காலத்தில், பசியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. மயிலாப்பூர் வழியாகப் பறக்கும் ரயிலின் தூண்களுக்குக் கீழே நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்காம் கால்வாயின் அந்தப் பகுதி, பஞ்சத்தில் அடிபட்டவர்களின் கை உழைப்பு.

1882-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பிரம்மஞான சபைக்காக வாங்கினார்கள். முதலில் வாங்கியது 27 ஏக்கர். பிறகு அது 250 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. 1989-ல் புயல்காற்றில் தாய்மரம் சாய்ந்தும் விழுதுகளால் நிற்கும் அடையாறு ஆலமரம் அங்கேதான் இருக்கிறது. வடகரையில் செட்டிநாட்டு அரசர் குடும்பத்தின் மாளிகை எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரால்தான் இன்றைய ராஜா அண்ணாமலைபுரம்.

இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள். வீடுகள், கிளப், சபை எல்லாம் மேட்டில் நின்றன. கழியை யாரும் தொடவில்லை. சேறும் உப்பும் கொசுவும் உள்ள இடம் எதற்கும் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். இருநூறு வருடம் அந்தக் கழி பிழைத்தது, யாருக்கும் வேண்டாததாக இருந்ததால்தான்.

வேண்டிய இடமானது

அப்புறம் நகரம் நெருங்கி வந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் வீடு கட்டுவது சென்னைக்குப் புதிதல்ல. 1920களில் மாம்பலத்தை ஒட்டியிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. பாண்டி பஜாரில் பட்டுப்புடவை எடுக்கும்போது நாம் நிற்பது பழைய ஏரியை ஒட்டிய மண் என்பது யாருக்கு நினைவு வரும்? சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் தென்கரையில் காந்தி நகர் எழுந்தது. எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பதிலாக 1973-ல் அகலமான திரு.வி.க. பாலம் வந்தது. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே இருந்த தூரம் ஐந்து நிமிடமாகச் சுருங்கியது.

முகத்துவாரத்தின் குறுக்கே மீனவர்கள் நடந்து போவதற்காக 1967-ல் கட்டிய சிறு பாலம் பத்தே ஆண்டில், 1977-ல், நீரோட்டத்தில் உடைந்தது. இன்று சினிமாப் படப்பிடிப்புக்குப் பேர்போன 'உடைந்த பாலம்' அதுதான். ஆறு தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் கழிக்கு அந்த வலு இல்லை. 1980களிலும் 90களிலும் கழியைச் சுற்றி நிலத்தின் விலை ஏறியது. கழியின் கரைகள் மேடாகின. கழிவுநீர் உள்ளே வந்தது. சாலைக்கு மேற்கே இருந்த பகுதி, கடலேற்றத்தோடு இருந்த தொடர்பு குறைந்து, ஆகாயத்தாமரையும் சாக்கடையும் நிறைந்த பள்ளமானது. பள்ளம் என்றால் லாரிக்காரர்களுக்குத் தெரியாதா? இடிக்கும் வீட்டின் செங்கல், காரை, உடைந்த ஓடு எல்லாம் அங்கே வந்து விழுந்தன.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவில் மந்தைவெளியில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்தோம். மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புக் காரைச் சுவர். தேக்கு உத்திரத்தையும் கதவு ஜன்னலையும் பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொண்டார். மிச்சமெல்லாம் ரப்பிஷ். லாரி டிரைவர் சொன்னார்: "கிட்டத்துலயே இடம் இருக்கு சார். நடைக்கு இருபது நிமிஷம்தான். வாடகையும் கம்மியா ஆகும்." எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது. வாடகை குறைந்ததில் சந்தோஷம். எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் கூடமும் திண்ணையும் கழியில் எந்த மூலையில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஆனால் இருபது நிமிடத்தில் போய் வரக்கூடிய பள்ளம் அந்தப் பக்கம் வேறு இருந்ததாகவும் நினைவில்லை.

வழக்கும் விதியும்

எல்லோரும் என்னைப் போல இருந்துவிடவில்லை என்பது இந்தக் கதையின் நல்ல பகுதி. 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் தொலைநோக்கியும் குறிப்பேடுமாகக் கழிமுகத்துக்குப் போய், வந்த பறவைகளைப் பதிவு செய்தார்கள். "வெறும் சேறு" என்று சொல்லப்பட்ட இடத்தில் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து இறங்கும் உள்ளான்களைப் பார்த்து, பெயரையும் தேதியையும் எழுதிவைத்தார்கள்.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. கடலேற்றம் வந்து போகும் கழிகளின் கரையிலும் நினைத்தபடி கட்டக்கூடாது என்பதற்குச் சட்டப்படி ஒரு பிடி கிடைத்தது. கழியை ஒட்டிய நிலத்தில் கட்டடங்கள் வரும் பேச்சு எழுந்தபோது, ஒரு நுகர்வோர் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டாக்டர் அம்பேத்கர் மணிமண்டபத்துக்கு வேண்டிய சிறு பகுதி போக, மீதி நிலம் கழியாகவே இருக்க வேண்டும் என்ற நிலை அதனால் உறுதியானது. இன்று மணிமண்டபமும் காடும் அருகருகே இருக்கின்றன. இரண்டுக்கும் இடம் இருந்தது.

காட்டைச் செய்த விதம்

2006-ல் தமிழக அரசு அடையாறு பூங்கா அறக்கட்டளையை அமைத்தது. இப்போது சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று அதற்குப் பெயர். திட்டம் வகுத்துக் கொடுத்தவர்கள் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிகுளம் குழுவினர். வறண்ட செம்மண் மேட்டில் உள்ளூர் மரங்களைக் கொண்டு காடு வளர்த்த பழக்கம் உள்ளவர்கள்.

புல்தரையும் நீரூற்றும் பூச்செடியும் வைத்துப் 'பார்க்' கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அவர்கள் அந்த வழியில் போகவில்லை. முதலில் இடிபாடுகளையும் குப்பையையும் அகற்றினார்கள். தூர்ந்த இடங்களைத் தோண்டி நீர்நிலைகளை மறுபடி உண்டாக்கினார்கள். கடலேற்ற நீர் உள்ளே வரும் வழியைச் சரிசெய்தார்கள். உப்புநீர் வரும் விளிம்பில் அலையாத்தி வகைகள், நல்ல தண்ணீர் நிற்கும் இடத்தில் கோரையும் நாணலும், மேட்டில் இந்தக் கடற்கரைக்கே உரிய காட்டு மரங்கள் என்று இடம் பார்த்து நட்டார்கள்.

'இந்தக் கடற்கரைக்கே உரிய காடு' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு இருந்தது. மழை சில மாதங்கள்தான் என்றாலும் தடித்த சிறு இலைகளோடு ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும், அதிக உயரம் போகாத காடு. வீரை, உலக்கைப்பாலை, காயா, நாவல் போன்ற மரங்களும் அவற்றைப் பின்னிய கொடிகளும் கொண்டது. இன்று அதன் எச்சங்கள் கிண்டி, கோடியக்கரை, சில கிராமங்களின் கோயில் காடுகள் என்று துண்டு துண்டாகத்தான் உள்ளன. கூட வந்த ஏ பிளாக் குழந்தை, "காட்டை மனுஷங்களே செய்ய முடியுமா?" என்று கேட்டது. செய்ய முடியாது, இடத்தைச் சரிசெய்து, சரியான விதையைக் கொண்டுவந்து சேர்த்தால் காடு தானே வரும் என்பதுதான் இங்கே கிடைத்த பதில்.

58 ஏக்கர் பூங்கா 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதியால் திறந்துவைக்கப்பட்டது. 'தொல்காப்பியப் பூங்கா' என்பது அவர் 2003-ல் எழுதிய நூலின் பெயரும்கூட. முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்று நிலத்தை வகுத்துச் சொன்ன நூலின் பெயர், நெய்தல் நிலத்தில் உள்ள ஒரு காட்டுக்குப் பொருத்தம்தான். சாலைக்குக் கிழக்கே கழிமுகத்தின் சுமார் 300 ஏக்கரும் அடுத்த கட்டமாகச் சீரமைப்பில் சேர்ந்தது.

நாங்கள் பார்த்தது

உள்ளே நுழைந்து பத்து நிமிடம் நடந்தால் பஸ் ஹாரன் சத்தம் கேட்காது. மண் பாதை, மரப்பாலம், நீரோரம், மறுபடி மரநிழல் என்று வழி மாறி மாறிப் போகிறது. புள்ளிமூக்கு வாத்துகள் இரண்டு, சாம்பல் நாரை ஒன்று, மீன்கொத்திகள், வரிசையாகச் சிறகை விரித்துக் காயவைத்த நீர்க்காகங்கள் ஆகியவற்றைக் குழந்தைகள் எண்ணினார்கள். பவளக்கால் உள்ளானின் சிவப்புக் கால்களைப் பார்த்து ஒரு சிறுமி, "ஸ்டாக்கிங் போட்டிருக்கு" என்றாள். சேற்றில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் சிறு நண்டுகளை விட்டு வர யாருக்கும் மனமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பொதுமக்களை அனுமதிக்கும் நாளும் நேரமும் அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போவது நல்லது. பிளாஸ்டிக் பையும் தின்பண்டமும் வேண்டாம். நடைப் பயிற்சிக்கான வேக நடை அங்கே உதவாது. மெல்ல நடந்தால்தான் ஏதாவது தென்படும்.

நமக்கும் இதற்கும் என்ன?

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு யாருக்கும் மறக்காது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. வழியில் சேர்ந்த மழைநீரோடு அடையாறு கரை கடந்தது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முதல் மாடி வரை தண்ணீர் வந்த வீடுகள் உண்டு. அந்த வெள்ளம் அத்தனையும் கடைசியில் வந்து சேரவேண்டிய இடம் இந்தக் கழிமுகம்தான். 58 ஏக்கர் காடு ஒரு பெருவெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் வெள்ளம் விரிந்து நிற்க இடம் வேண்டும். நாம் தூர்த்த ஒவ்வொரு பள்ளமும் அந்த இடத்திலிருந்து கழிந்த கணக்கு.

கழியில் இப்போது யாரும் கொட்ட முடியாது. வேலி இருக்கிறது, காவல் இருக்கிறது. ஆனால் நம் குடியிருப்பில் வருடத்துக்கு நான்கைந்து வீடுகளிலாவது பாத்ரூம் டைல்ஸ் மாற்றுகிறோம், சமையலறையை இடித்துக் கட்டுகிறோம். மூட்டை மூட்டையாக ரப்பிஷ் லிஃப்டில் இறங்குகிறது. அது எங்கே போகிறது? கேட்டுப் பார்த்தேன். "மேஸ்திரி பார்த்துப்பார்" என்பதே எல்லோரும் சொன்ன பதில். முப்பது வருடத்துக்கு முன் நான் சொன்ன பதிலும் அதுதான். மேஸ்திரி பார்த்துக்கொள்ளும் பள்ளம் இன்று பள்ளிக்கரணைப் பக்கமோ, எங்கோ ஓர் ஏரிக்கரையோ இருக்கலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது குப்பைமேடு அல்ல, மழைத்தண்ணீர் நிற்க வேண்டிய இடம்.

2016-ல் வந்த மத்திய அரசின் கட்டட இடிபாட்டு விதிகள், இடிபாட்டை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பு என்றன. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை உடைத்து மணலாகவும் ஜல்லியாகவும் ஆக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஆகவே வரும் பொதுக்குழுவில் ஒரு சின்னத் தீர்மானம் கொண்டுவரக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இடிக்கும் வேலை செய்ய அனுமதிக் கடிதம் கொடுக்கும்போது, ரப்பிஷ் எங்கே போகிறது என்பதை அதில் எழுத வேண்டும். முறையான இடத்தில் சேர்த்த ரசீதைக் காட்டிய பிறகே வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டும். லாரி வாடகை கொஞ்சம் கூடும். கூடட்டும். நான் அன்று மிச்சம் பிடித்த வாடகையைப் போலப் பல மடங்கைச் செலவழித்துத்தான் கழியை மீட்டெடுக்க வேண்டி வந்தது. அந்தப் பணமும் நம் எல்லோருடைய பணம்தான்.

அடுத்த நடை, மழை விட்டதும் ஒரு சனிக்கிழமை. வர விரும்புகிறவர்கள் காவலாளி மேசையில் உள்ள நோட்டில் பெயரும் ஃபிளாட் எண்ணும் எழுதிவிடுங்கள். குழந்தைகளுக்கு முதலிடம்.